மரப்பரணில் உட்கார்ந்து வில்லால் காட்டுப்பன்றி வேட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகருக்குக் கிழக்கே, வார நாட்களில் கணினியோடும் வார இறுதியில் வில்லோடும் காலம் தள்ளுகிறவன் நான். "சனிக்கிழமை எங்கே போயிருந்தீர்கள்?" என்று விருந்துகளில் யாராவது கேட்டு, நானும் உண்மையைச் சொல்லிவிட்டால், அப்புறம் தட்டில் இருக்கும் பிரியாணி ஆறும் வரை கேள்விதான். திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் டெக்சஸை வைத்துத்தான் பேசுகிறேன். மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு, நிலமும் வேறு.

இது நம் ஊர்க் காட்டுப்பன்றிதானா?

இனம் ஒன்றுதான், வரலாறு வேறு. அமெரிக்க மண்ணில் ஆதியில் பன்றி இனமே கிடையாது. 1539-இல் எர்னாண்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியர் ஃப்ளோரிடாவில் கரையிறங்கியபோது, படைக்கு நடமாடும் உணவாகப் பன்றிகளையும் கொண்டுவந்தார். அவற்றில் சில தப்பின. பின்னால் வந்து குடியேறியவர்கள் வேலி போடாமல் பன்றி வளர்த்தார்கள். காட்டில் மேயவிட்டு, தேவைப்பட்டபோது பிடித்துக்கொண்டார்கள். பிடிபடாதவை காட்டிலேயே தங்கிவிட்டன. 1930-கள் வாக்கில் டெக்சஸ் பண்ணைக்காரர்கள் சிலர் வேட்டைக்கென்றே ஐரோப்பியக் காட்டுப்பன்றியை இறக்கிவிட்டார்கள். எல்லாம் கலந்து பிறந்ததுதான் இன்றைய ஃபெரல் ஹாக். அதனால் கருப்பு, செம்பட்டை, புள்ளி போட்டது என்று ஒரே கூட்டத்தில் எல்லா நிறமும் பார்க்கலாம்.

நாடு முழுக்க 60 லட்சத்துக்கு மேல் இருக்கும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு; குறைந்தது 35 மாநிலங்களில் பரவியிருக்கின்றன. டெக்சஸில் மட்டும் 26 லட்சம் என்கிறார்கள். வயலைக் கிண்டுவதாலும் வேலியை முறிப்பதாலும் ஓடைத் தண்ணீரைக் கெடுப்பதாலும் வரும் நஷ்டம், நாடு முழுவதும் சேர்த்து ஆண்டுக்கு 250 கோடி டாலர் அளவில் இருக்கும். விதைத்த மறுநாள் ராத்திரி மக்காச்சோள வயலில் இறங்கினால், வரிசை பிடித்து விதை விதையாக எடுத்துத் தின்னும். காலையில் பார்த்தால் யாரோ கலப்பை ஓட்டியது மாதிரி இருக்கும்.

கொல்வது சட்டப்படி சரியா?

டெக்சஸில் சரி. ஆண்டு முழுக்க, பகலோ இரவோ, எண்ணிக்கை வரம்பு இல்லாமல். 2019 செப்டம்பர் 1 முதல், தனியார் நிலத்தில் நிலச் சொந்தக்காரர் அனுமதித்தால் இந்தப் பன்றிக்கு வேட்டை உரிமம்கூட வேண்டாம். பொது நிலத்தில் வேண்டும். உரிமம் வாங்குகிறவர் 1971 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவராக இருந்தால் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும்.

எல்லா மாநிலத்திலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுக்காதீர்கள். கேன்சஸில் பொழுதுபோக்குக்காகக் காட்டுப்பன்றி வேட்டையாடவே கூடாது. காரணம் பன்றி மேல் இரக்கம் இல்லை. வேட்டை ருசி கண்டவர்களே பன்றியை லாரியில் ஏற்றிப்போய் புதுக்காடுகளில் விடுகிறார்கள் என்பதுதான்.

நிலத்துக்கு எங்கே போவது?

டெக்சஸ் நிலத்தில் 95 சதவீதத்துக்கு மேல் தனியார் கையில். ஒன்று, ஆண்டுக் குத்தகை எடுக்க வேண்டும். இரண்டு, நாள் வாடகை கொடுக்க வேண்டும். மூன்று, ஒரு பண்ணைக்காரரின் நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும். எனக்கு மூன்றாவது அமைந்தது. இரண்டு கோடை அவருடைய வேலியைச் சரிசெய்யக் கூடமாட நின்ற பிறகுதான் "ஓடைப்பக்கம் வேண்டுமானால் உட்கார்ந்து பார்" என்றார்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். எனக்கு அனுமதி உண்டா?

நம் ஆட்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அதிலிருந்து விலக்கும் உண்டு. வில்லோ அந்தச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே அல்ல. அதனால் தடை வில்லைத் தொடாது. நான் வக்கீல் இல்லை. சந்தேகம் இருந்தால் ஒரு வக்கீலைக் கேளுங்கள்.

இதையே ஊருக்கு வந்து செய்யலாமா?

கூடாது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தனியாள் அனுமதியில்லாமல் காட்டுப்பன்றியை வேட்டையாடுவது குற்றம். வில்லோ, சுருக்கோ, வெடியோ, எதுவானாலும் ஜெயில்தான்.

துப்பாக்கி இருக்கும்போது எதற்கு வில்?

பயிரைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால் வில் தப்பான கருவி. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேண்டியது கிட்டத்தில் போவது. துப்பாக்கிக்காரர் 150 கெஜத்தில் வேலையை முடித்துவிட்டுக் காப்பி குடிப்பார். நான் 15 கெஜத்துக்குள் வரவழைக்க வேண்டும். அந்தத் தூரத்தில் பன்றி கொட்டையை உடைக்கும் சத்தம் கேட்கும். காது மடலில் ஒட்டியிருக்கும் உண்ணி தெரியும்.

அதற்கு ஏன் மரத்தில் ஏற வேண்டும்?

பன்றிக்குக் கண் மந்தம், காது பரவாயில்லை, மூக்கு பயங்கரம். தரையில் உட்கார்ந்தால் உங்கள் வாசனை அதன் மூக்கு மட்டத்திலேயே போய்ச் சேரும். ஆறு மீட்டர் உயரத்தில் இருந்தால், காற்று ஒத்துழைக்கும் நாளில், வாசனை அதன் தலைக்கு மேலே கொஞ்ச தூரம் கடந்து போய்விடும். நாணை இழுக்கும் அசைவும் மேலே நடப்பதால் அவ்வளவாகத் தெரியாது. இன்னொன்று, மேலிருந்து எய்த அம்பு குறி தப்பினாலும் தரையில் போய்க் குத்தும். பண்ணைக்காரரின் மாட்டைத் தேடிப் போகாது.

தினைப்புனத்தில் பன்றியும் கிளியும் வராமல் காக்க நம் குறிஞ்சி நிலத்து ஆட்கள் போட்ட பரணும் இதே கணக்குத்தான். சங்கத் தமிழில் அதற்கு இதணம் என்று பெயர். இங்கே ட்ரீ ஸ்டாண்ட் என்கிறார்கள். எனக்குப் பரண் என்று சொன்னால்தான் அதில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

எந்த மாதிரிப் பரண், எவ்வளவு உயரம்?

புதியவருக்கு ஏணிப் பரண். மரத்தில் சாய்த்து, பட்டைகளால் இறுக்கிக் கட்டுவது. 15 அடியிலிருந்து 18 அடி வரை வரும். கனம் அதிகம், தூக்கிக்கொண்டு திரிய முடியாது, ஆனால் ஏறுவது சுலபம். தொங்கு பரண் என்பது சின்ன இருக்கை மட்டும்; தனியாகப் படிகளை மரத்தில் கட்டி ஏற வேண்டும். மரத்தைக் கவ்விக்கொண்டு புழு மாதிரி நகர்ந்து ஏறும் கிளைம்பர் ஒன்றும் இருக்கிறது. அதற்குக் கிளை இல்லாத நேர் மரம் வேண்டும். பைன் மரங்கள் நிற்கும் கிழக்கு டெக்சஸுக்குச் சரி. எங்கள் பக்கத்து லைவ் ஓக் மரமோ இடுப்புயரத்திலேயே கையை விரித்துவிடும்.

25 அடி, 30 அடி என்று ஏறிப் படம் போடுகிறவர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். உயரம் கூடக் கூட அம்பு செங்குத்தாக இறங்கும். அது ஏன் கெடுதல் என்பது கீழே வருகிறது. என் உயரம் 18 அடி, ஓடைக்கரையில் ஒரு பீக்கன் மரம்.

விழுந்துவிட்டால்?

இந்த வேட்டையில் ஆளைக் கொல்வது பன்றி அல்ல, மரம். முழு உடல் ஹார்னஸ் (தோள், தொடை எல்லாம் சேர்த்து மாட்டும் பாதுகாப்புப் பட்டை) இல்லாமல் பரணில் ஏறாதீர்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட்டை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். விழுந்து தொங்கினால் அதுவே வயிற்றை நெரித்து மூச்சை நிறுத்தும்.

விழுகிறவர்களில் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கும்போது விழுவதில்லை. ஏறும்போது, இறங்கும்போது, ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும்போது விழுகிறார்கள். அதனால் தரையிலிருந்து பரணுக்கு மேல்வரை ஒரு உயிர்க்கயிறு கட்டியிருக்க வேண்டும். அதில் புருசிக் என்ற முடிச்சு இருக்கும். கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு மேலே போகும். திடீரென்று எடை இழுத்தால் கயிற்றைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கால் தரையை விட்டு எழும் முன் ஹார்னஸை அதில் மாட்டு, திரும்பத் தரையைத் தொட்ட பிறகு கழற்று. ஏறும்போது இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் எப்போதும் மூன்று பிடியில் இருக்க வேண்டும்.

வில் தோளில் தொங்கக் கூடாது. அம்பையெல்லாம் உறையில் போட்டு, ஒரு கயிற்றில் கட்டித் தரையில் வைத்துவிட்டு, மேலே போய் உட்கார்ந்து மாட்டிய பிறகு இழுத்துக்கொள்ளுங்கள். சவர பிளேடு மாதிரி முனை வைத்த அம்பின் மேல் விழுந்தவர் கதையை யாரும் இரண்டாவது முறை கேட்க விரும்ப மாட்டார்கள்.

ஹார்னஸ் பிடித்துவிட்டாலும் வேலை முடியவில்லை. தொடைப் பட்டையில் அப்படியே தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களில் மயக்கம் வரலாம். கால் வைத்து எழும்ப ஒரு வளையப் பட்டை விற்கிறது. சட்டைப் பையில் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மரத்தில் இருக்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். என் மனைவிக்கு வரைபடத்தில் ஒரு புள்ளி அனுப்பினால்தான் கதவே திறக்கும்.

பரணை எங்கே கட்டுவது?

பன்றி இருக்கும் இடம் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். கிண்டிய மண், ஓடை ஓரத்தில் புரண்டு எழுந்த சேற்றுக்குழி, அதன் பக்கத்தில் முதுகு தேய்த்துச் சேறு அப்பிய மரம். தார் எண்ணெய் பூசிய மின்கம்பத்தில் தேய்ப்பது அவற்றுக்கு ரொம்பப் பிடிக்கும். மரத்தில் சேறு எந்த உயரம் வரை இருக்கிறதோ அது பன்றியின் தோள் உயரம். சேறு ஈரமாக இருந்தால் நேற்று வந்தது, உதிர்ந்தால் போன வாரம்.

பன்றிக்கு வியர்த்து உடம்பைக் குளிர வைக்கும் வசதி இல்லை. கோடையில் பகல் முழுக்கச் சேற்றிலும் புதரிலும் கிடந்து ராத்திரிதான் நடமாடும். குளிர்காலத்தில் நல்ல பகலிலேயே வரும். ஓக் கொட்டை உதிரும் மாதங்களில் அந்த மரத்தடியை விட்டால் வேறு இடம் தேட வேண்டாம்.

தீனி போட்டு வரவழைப்பதும் உண்டு. டெக்சஸ் தனியார் நிலத்தில் அதற்குத் தடை இல்லை. மக்காச்சோளத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு நாலைந்து நாள் வெயிலில் வைத்தால், கள்ளும் கழுநீரும் கலந்த மாதிரி ஒரு நாற்றம் வரும். மான் ஒதுங்கிப் போகும், பன்றி ஓடி வரும். குழி தோண்டி அதில் கொட்டி மூடினால் கிண்டிக்கொண்டு நிற்கும், நமக்கும் நேரம் கிடைக்கும். அந்த வாளியைக் காருக்குள் ஏற்ற வேண்டாம். எனக்கு ஒரு தடவை சரிந்தது. வண்டியை விற்கும் வரை அந்த மணம் போகவில்லை.

காற்றைப் பார்ப்பது எப்படி?

பவுடர் டப்பா போதும். சிட்டிகை ஊதிவிட்டு, அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பத்தடி வரை அல்ல, கண்ணுக்குத் தெரியும் வரை.

செல்பேசி சொல்லும் காற்று ஒன்று. ஓடைக்குள் வீசும் காற்று வேறு. வெயில் ஏறும்போது தரை சூடாகிக் காற்று மேட்டை நோக்கி எழும். பொழுது சாயும்போது குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்துக்கு இறங்கி, ஓடை போகும் திசையிலேயே தண்ணீர் மாதிரி வழியும். மாலையில் கரைமேட்டில் உட்கார்ந்தால் உங்கள் வாசனை முழுக்கக் கீழே சேற்றுக்குழியில் போய் நிறையும். பன்றி அங்கேதான் வரும். அதனால் மாலையில் அவை வரும் வழிக்கு ஓடை இறங்கும் பக்கமாக என் பரண் இருக்க வேண்டும். அதே மரம் காலையில் உதவாது. முதல் ஆண்டு இது தெரியாமல் பதினோரு மாலை உட்கார்ந்தேன். ஒவ்வொரு நாளும் புதருக்குள் ஒரு "வூஃப்" சத்தம், அப்புறம் கூட்டமே சிதறி ஓடும் சத்தம். பன்றியைக் கண்ணால் பார்க்கவே இல்லை.

வாசனை போக்கும் சோப்பு, தெளிப்பான் எல்லாம் விற்கிறார்கள். காசு உங்களுடையது.

என்ன வில், என்ன அம்பு?

காம்பவுண்ட் வில். 1960-களில் மிசூரிக்காரர் ஹோலிஸ் வில்பர் ஆலன் கண்டுபிடித்தது. முனையில் இருக்கும் உருளைகளால், முழுதாக இழுத்த பிறகு கையில் தாங்கும் எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். பன்றி திரும்பும் வரை பிடித்துக்கொண்டு காத்திருக்க இது உதவும். இழுக்கும் எடை 50 பவுண்டிலிருந்து 60 பவுண்டு வரை இருந்தால் போதும். 70 பவுண்டு வாங்கி, குளிரில் விறைத்த தோளோடு வானத்தைப் பார்த்து இழுத்துத் திணறுகிறவர்கள் உண்டு.

அம்பு கனமாக இருக்கட்டும். 450 கிரெய்னுக்கு (சுமார் 29 கிராம்) மேல். முனை, விரியாத நிலைபிளேடு வகை. விரியும் முனை மானுக்கு நன்றாக வேலை செய்யும். முதிர்ந்த ஆண் பன்றியின் தோளில் கேடயம் மாதிரி தடித்த குருத்தெலும்புத் தோல் இருக்கும். விரிப்பதிலேயே பாதி வேகம் போய்விடும்.

எங்கே பார்த்து எய்வது?

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். மான் வேட்டையில் பழகியவர்கள்தான் இங்கே அதிகம் தவறுகிறார்கள். மானுக்கு முன்னங்காலின் பின்பக்கம் நடு உடம்பில் எய்தால் நுரையீரல். பன்றிக்கு அதே இடத்தில் எய்தால் பெரும்பாலும் குடல். பன்றியின் இதயமும் நுரையீரலும் முன்னால் தள்ளி, கீழே இறங்கி, கிட்டத்தட்ட இரண்டு முன்னங்காலுக்கும் நடுவே இருக்கும்.

நேர் பக்கவாட்டில் நின்றால் காலுக்குச் சற்றுப் பின்னே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி. அதைவிட நல்லது, பன்றி நமக்குப் பின்பக்கம் காட்டிக் கொஞ்சம் சாய்ந்து நிற்பது. அப்போது அம்பு கேடயத்துக்குப் பின்னே நுழைந்து, முன்னோக்கிப் போய், அந்தப்பக்கத் தோளருகே வெளியே வரும். எதிர்ப்பக்க முன்னங்காலைக் குறிவைத்தால் மற்றது சரியாக அமையும்.

மேலிருந்து எய்வதால் இன்னொரு கணக்கு உண்டு. 18 அடி உயரத்திலிருந்து 15 கெஜம் தள்ளி நிற்கும் பன்றிக்கு அம்பு சுமார் 22 பாகை சாய்வில் இறங்கும். அதே பன்றி 5 கெஜத்துக்கு வந்துவிட்டால் சாய்வு 50 பாகை. நேர் கீழே வந்த பன்றி கையில் கிடைத்த மாதிரி தோன்றும். ஆனால் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் கிழித்துக்கொண்டு போகும். ஒற்றை நுரையீரலோடு பன்றி வெகுதூரம் ஓடும். காலடியில் நிற்பதை விட்டுவிட்டுத் தள்ளி நிற்பதற்குக் காத்திருங்கள். இழுக்கும்போது கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பிலிருந்து குனியுங்கள்.

அம்பு மறுபக்கம் வெளியேறுவது கட்டாயம் மாதிரி. மேலிருந்து நுழைந்த துளை சற்று மேலே இருக்கும். வெளியேறும் துளை கீழே. கீழ்த்துளை இல்லை என்றால் ரத்தம் உள்ளேயே தேங்கும், தரையில் ஒரு சொட்டு விழாது.

என் மூன்றாம் ஆண்டில் ஒரு பெரிய ஆண் பன்றி தனியாக வந்தது. இப்படித்தான் வரும், தாய்ப்பன்றிகளும் குட்டிகளும்தான் கூட்டம். நேர் பக்கவாட்டில், 12 கெஜம். கை நடுங்கியது. அம்பு நாலு விரற்கடை முன்னால் போய்த் தோளில் அடித்தது. பலகையில் ஆணி அடித்த மாதிரி சத்தம். அம்பில் பாதி வெளியே தெரிய ஓடியது. மறுநாள் மதியம் வரை தேடினோம். ஒடிந்த அம்புத்தண்டு கிடைத்தது, பன்றி கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு, கோணம் கொடுக்காத பன்றியை எய்யாமல் விட்ட மாலைகள்தான் எனக்கு அதிகம்.

எய்த பிறகு உடனே இறங்கலாமா?

வேண்டாம். அரை மணி உட்காருங்கள். எந்தப் புதருக்குள் போனது, கடைசிச் சத்தம் எங்கே கேட்டது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இறங்கி அம்பைப் பாருங்கள். நுரையோடு இளஞ்சிவப்பு ரத்தம் இருந்தால் நுரையீரல், போய் எடுக்கலாம். பச்சையும் நாற்றமுமாக இருந்தால் குடல். அப்போது பல மணி நேரம் விட்டுவிட வேண்டும். கோடை வெப்பத்தில் கறி கெட்டுப்போகலாம், அதற்காக அவசரப்பட்டுத் துரத்தினால் பன்றியே கிடைக்காது. கொழுப்பும் அடர்ந்த மயிரும் துளையை அடைத்துக்கொள்வதால் நல்ல அடியிலும் முதல் முப்பது கெஜத்துக்கு ரத்தமே தெரியாமல் இருக்கும். தரையை மட்டும் பார்க்காமல், முழங்கால் உயரத்தில் புல்லின் பக்கவாட்டைப் பாருங்கள்.

பாயாதா?

அம்பு படாத பன்றி ஓடத்தான் பார்க்கும். காயப்பட்டது புதரில் முடங்கிக் கிடக்கும்போது கிட்டப் போனால் பாயும். கீழ்க்கோரைப்பல் மேல்பல்லோடு உரசி உரசித் தானே தீட்டிக்கொள்ளும். தொடை உயரத்தில் வந்து கிழிக்கும். இருட்டில் தனியே தேடப் போகாதீர்கள். விழுந்து கிடப்பதை முதுகுப்பக்கமாக அணுகி, நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமைத்தால் இன்னும் உயிர் இருக்கிறது.

கொசு, பாம்பு?

இரண்டும் உண்டு. என் அனுபவத்தில் அவற்றைவிட மோசம் நெருப்பெறும்பு. மரத்தடியில் புற்று இருக்கிறதா என்று பார்க்காமல் ஏணி சாய்த்தால், அசையாமல் உட்கார வேண்டிய நேரத்தில் அது காலுறைக்குள் இருக்கும்.

இதனால் பன்றி குறைகிறதா?

இல்லை. எண்ணிக்கை ஏறாமல் நிற்கவே ஆண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கை அகற்ற வேண்டும் என்கிறார்கள் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக வேளாண் விரிவாக்கத்தார். சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். பிறந்த குட்டி ஆறேழு மாதத்தில் தானும் சினையாகிவிடும். வில்லோடு போய் மாதம் ஒன்று எடுப்பது எந்த மூலைக்கு? கூட்டத்தோடு அடைக்கும் பெரிய பட்டிப்பொறிதான் வேலை செய்யும். பொறி வைத்திருக்கும் இடத்தில் நாம் போய் அம்பு விட்டால் கூட்டம் கலைந்து, பொறிக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். என் பண்ணைக்காரர் பொறி வைக்கும் வாரங்களில் நான் அந்தப்பக்கமே போவதில்லை. நான் எடுப்பது கறிக்கு. "பயிரைக் காக்கிறேன்" என்று பெருமை அடிப்பதை விட்டு நாளாயிற்று.

கறியைச் சாப்பிடலாமா?

தாராளமாக. 60 பவுண்டு, 80 பவுண்டு வரும் இளம்பெண் பன்றி நல்ல கறி. நாட்டுப்பன்றியைவிடக் கொழுப்பு குறைவு, சிவப்பு அதிகம். கிழட்டு ஆண் பன்றியைச் சமைத்தால் வாடை அக்கம்பக்கத்துக்கும் தெரியும்.

அறுக்கும்போதுதான் கவனம். இந்தப் பன்றிகளிடம் புரூசெல்லோசிஸ் என்ற நோய் உண்டு. ரத்தம் கைக்காயத்திலோ கண்ணிலோ பட்டால் மனிதனுக்கு ஒட்டிக்கொண்டு, விட்டு விட்டுக் காய்ச்சலாக மாதக்கணக்கில் படுத்தும். ரப்பர் கையுறை போடாமல் தொடாதீர்கள், கண்ணுக்கும் கண்ணாடி நல்லது. ஃப்ரீசரில் வைத்தால் அந்தக் கிருமி சாகாது, வேகவைத்தால் சாகும். உள்ளே 160 ஃபாரன்ஹீட் ஏறும் வரை, அதாவது 71 செல்சியஸ். நடுவில் இளஞ்சிவப்பாக எடுக்கும் ஹோட்டல் பழக்கம் இதில் கூடாது. பச்சைத் துண்டை நாய்க்கும் போடாதீர்கள்; சூடோரேபிஸ் என்ற பன்றி நோய் பொதுவாக மனிதனைத் தொடாது, நாயைக் கொன்றுவிடும்.

எப்படிச் சமைக்கிறீர்கள்?

தொடைக்கறியைச் சின்னத் துண்டாக நறுக்கி, மஞ்சள், உப்பு, சின்ன வெங்காயம், கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஆறு விசில். இங்கே சின்ன வெங்காயம் விலை கூடுதல்தான், இதற்கு மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. அப்புறம் இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய், கறிவேப்பிலை, இடித்த பூண்டு, கறியைக் கொட்டித் தண்ணீர் சுண்டும் வரை கிளறி, கடைசியில் கொரகொரப்பாகப் பொடித்த மிளகு இரண்டு கரண்டி. எலும்பைத் தனியே எடுத்துக் குழம்பு வைக்கலாம்.

எங்களுக்குக் கொஞ்சம் விலைக்குக் கிடைக்குமா?

விற்கக் கூடாது. அறுக்கும் முன் உயிரோடு அரசு ஆய்வாளர் பார்க்காத இறைச்சியை விற்பது சட்டவிரோதம். சும்மா கொடுக்கலாம். மார்கழி, தை மாதங்களில் ஃப்ரீசரில் இடம் இருக்காது, பாத்திரத்தோடு வாருங்கள்.